ரோமப் பேரரசரை யார் நியமித்தார்கள்? வாரிசுச் சட்டம் இல்லாத பதவியும் அதற்குப் படைவீரர்கள் கேட்ட விலையும்

ரோமப் பேரரசர்கள் என்றதும் பலருக்கு நினைவு வருவது கிறுக்குத்தனங்கள்தான். குதிரையைக் கான்சல் என்ற உயர்பதவியில் உட்காரவைத்த கலிகுலா, ஊர் எரியும்போது பிடில் வாசித்த நீரோ, கிளாடியேட்டர் வேடம் கட்டி அரங்கில் இறங்கிய கொமோடஸ். இவற்றில் முதல் இரண்டும் நடக்கவே இல்லை. கலிகுலா அப்படிச் செய்யப்போகிறார் என்று ஊரில் பேச்சு இருந்தது, அவ்வளவுதான். பிடில் என்ற வாத்தியமே நீரோ காலத்தில் கிடையாது. கி.பி. 64 ஜூலையில் தீப்பிடித்தபோது அவர் ரோமில் இல்லை, ஆண்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தார். செய்தி கேட்டுத் திரும்பி வந்து, வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டார். இதை எழுதியிருப்பவர் நீரோவைக் கொஞ்சமும் பிடிக்காத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். கொமோடஸ் கதை மட்டும் உண்மை.

இந்தக் கதைகளைப் பேசிப் பேசியே ஒரு முக்கியமான கேள்வியை விட்டுவிடுகிறோம். இந்த ஆட்கள் அந்த இடத்துக்கு எப்படி வந்தார்கள்? பிரிட்டனிலிருந்து யூப்ரடீஸ் ஆறு வரை பரந்திருந்த பேரரசின் உச்சப் பதவிக்கு வாரிசுச் சட்டம் என்று ஒன்று கடைசி வரை இருந்ததே இல்லை. மூத்த மகனுக்குப் பட்டம் என்ற விதி கிடையாது. தேர்தலும் கிடையாது. ஒவ்வொரு பேரரசர் இறந்தபோதும் அடுத்தது யார் என்ற கேள்வி புதிதாக எழுந்தது. அதற்குப் பதில் சொல்லும் வேலையைப் படைவீரர்கள் எடுத்துக்கொண்டார்கள், சும்மா அல்ல, பணம் வாங்கிக்கொண்டு. அந்தப் பணம் ஏற ஏற, ரோம வெள்ளிக்காசில் வெள்ளி குறைந்துகொண்டே போனது. என்னைக் கேட்டால், பேரரசர்களின் குணநலன்களைவிட இந்த இரண்டு கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ரோமின் கதை புரியும்.

சிக்கலின் வேர் அகஸ்டஸிடம் இருக்கிறது. கி.மு. 44 மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசரைச் செனட் என்ற ஆட்சி மன்றத்தின் உறுப்பினர்களே 23 இடங்களில் குத்திக் கொன்றார்கள். அவர் ராஜாவாகப் பார்க்கிறார் என்பதுதான் குற்றச்சாட்டு. ராஜா என்ற சொல்லே ரோமர்களுக்கு ஆகாது. மன்னர்களை விரட்டிவிட்டுக் குடியரசு அமைத்ததுதான் தங்கள் வரலாறு என்று பெருமை பேசியவர்கள் அவர்கள். சீசரின் சகோதரி மகளுக்குப் பிறந்த ஆக்டேவியனுக்கு அப்போது வயது 18. சீசரின் உயில்படி தத்துப்பிள்ளையான அவர், அந்தக் கொலையிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார். அதிகாரம் முழுவதும் கைக்கு வரலாம், ராஜா என்ற பெயர் மட்டும் வரக்கூடாது.

கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியையும் கிளியோபாட்ராவையும் தோற்கடித்த பிறகு எதிர்க்க ஆளில்லை. ஆனாலும் கி.மு. 27 ஜனவரியில் அவர் செனட்டுக்குப் போய், எல்லா அதிகாரங்களையும் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். செனட் பதறிப்போய் (அல்லது பதறியதுபோல் நடித்து) படைகள் நிறைந்த மாகாணங்களை அவரிடமே ஒப்படைத்து, அகஸ்டஸ் என்ற பட்டமும் கொடுத்தது. கி.மு. 23இல் மக்கள் பிரதிநிதியான டிரிப்யூனுக்கு உரிய அதிகாரங்களும் சேர்ந்தன. ஒவ்வொன்றும் பழைய குடியரசில் ஏற்கெனவே இருந்ததுதான். ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் எல்லாம் இருந்தது மட்டும்தான் புதிது. தன்னை முதல் குடிமகன் என்று சொல்லிக்கொண்டார். கிரீடம் இல்லை, சிம்மாசனம் இல்லை, முடிசூட்டு விழாவும் இல்லை.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. 40 ஆண்டுகள் நிம்மதியாக ஆண்டார். ஆனால் அதற்குள் ஒரு கண்ணி இருந்தது. சட்டத்தின் கண்ணில் இல்லாத பதவிக்கு வாரிசு நியமிப்பது எப்படி? பெயரை விட்டுச் செல்லலாம், சொத்தை உயிலில் எழுதலாம், குடும்பத்துக்கு விசுவாசமானவர்களைக் கைமாற்றலாம். அதிகாரங்களை மட்டும் எழுதிவைக்க முடியாது. அவற்றைச் செனட் ஒவ்வொருவருக்கும் புதிதாகத்தான் வழங்க வேண்டும்.

இதைச் சமாளிக்க அகஸ்டஸ் கண்ட வழி, தான் உயிரோடு இருக்கும்போதே ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அதிகாரங்களைப் பங்குபோட்டுக் கொடுப்பது. அதிலும் விதி விளையாடியது. மருமகன் மார்செல்லஸ் கி.மு. 23இல் இறந்தார். நண்பரும் அடுத்த மருமகனுமான அக்ரிப்பா கி.மு. 12இல் போனார். பேரன்கள் லூசியஸ் கி.பி. 2இல், காயஸ் கி.பி. 4இல். கடைசியில் மிச்சம் இருந்தவர் மனைவி லிவியாவின் முதல் திருமணத்தில் பிறந்த டைபீரியஸ், நாற்பது தாண்டிய, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத தளபதி. வேறு வழியின்றி அவரைத் தத்தெடுத்தார். கி.பி. 14இல் அகஸ்டஸ் கண்மூடியபோது தேவையான அதிகாரங்கள் டைபீரியஸ் கையில் ஏற்கெனவே இருந்தன. அதனால் இடைவெளி தெரியவில்லை.

படை விஷயத்துக்கு வருவோம். ரோமின் நிரந்தரப் படையை உருவாக்கியதும் அகஸ்டஸ்தான். சாதாரணப் படைவீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ் (ரோமக் காசு), பணி முடிந்து போகும்போது 12,000. இந்த ஓய்வுத்தொகைக்காக கி.பி. 6இல் தனிக் கருவூலம் தொடங்கி, தன் சொந்தப் பணத்திலிருந்து 17 கோடி செஸ்டர்ஸ் போட்டார். தொடர்ந்து பணம் வரவேண்டும் என்று வாரிசுச் சொத்துக்கு 5 சதவீத வரி விதித்தார். பணக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பேரரசரின் மெய்க்காவலுக்கு பிரேட்டோரியன் படை என்று ஒன்று. அவர்களுக்குச் சம்பளம் சாதாரண வீரனைவிட மூன்று மடங்குக்கும் மேல், வெயில் மழையில் எல்லையைக் காக்கும் வேலையும் கிடையாது.

அகஸ்டஸ் இந்த மெய்க்காவலர்களில் பெரும்பாலோரை ரோமுக்கு வெளியே பக்கத்து ஊர்களில் பிரித்து வைத்திருந்தார். டைபீரியஸ் காலத்தில் அவர்களுடைய தலைவன் செஜானஸ், கி.பி. 23 வாக்கில் எல்லோரையும் நகரத்தின் ஓரத்தில் ஒரே முகாமில் கொண்டுவந்து சேர்த்தான். ஒழுங்குக்காக என்று காரணம் சொன்னான். ஆயுதம் ஏந்திய சில ஆயிரம் பேர், தலைநகரில், மதில் கட்டிய ஒரே இடத்தில். அந்த மதிலின் பகுதிகள் இன்றும் ரோமில் நிற்கின்றன. பக்கத்து மெட்ரோ நிலையத்துக்கே அந்த முகாமின் பெயர்தான். செஜானஸ் கி.பி. 31இல் தூக்கியெறியப்பட்டுக் கொல்லப்பட்டான். முகாம் மட்டும் அங்கேயே இருந்தது.

அது எதற்குப் பயன்படும் என்பது கி.பி. 41 ஜனவரி 24 அன்று தெரிந்தது. டைபீரியஸ் சேர்த்துவைத்த 270 கோடி செஸ்டர்ஸை ஓராண்டு முடிவதற்குள் காலி செய்தவர் என்று சொல்லப்படும் கலிகுலாவை, அவருடைய மெய்க்காவல் அதிகாரி கேசியஸ் கைரியாவே அரண்மனை இடைவழியில் வெட்டிக் கொன்றார். கலிகுலா அவரை எந்நேரமும் பெண்மைத்தனம் என்று கேலி செய்துகொண்டிருந்தாராம்.

உடனே செனட் கூடியது. குடியரசு திரும்பிவிட்டது, இனி விடுதலைதான் என்று கான்சல் சென்டியஸ் சாட்டர்னினஸ் உணர்ச்சிகரமாகப் பேசினார். பேசிக்கொண்டிருந்தவரின் கை மோதிரத்தில் பதித்திருந்த கல்லில் கலிகுலாவின் உருவம்! பக்கத்திலிருந்த ஒருவர் பாய்ந்து அதைப் பிடுங்க வேண்டியிருந்தது. யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். அன்றைய செனட்டின் நிலைமையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அதே நேரத்தில் அரண்மனையில் வீரர்கள் அங்குமிங்கும் சூறையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. இழுத்துப் பார்த்தால் கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸ். வயது ஐம்பதை நெருங்கியவர், கால் தாங்கித் தாங்கி நடப்பார், பேச்சுத் திக்கும், வரலாற்று நூல்கள் எழுதிக்கொண்டு ஒதுங்கியிருந்தவர். குடும்பத்தில் அவரை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. உயிருக்குப் பயந்து வீரனின் காலில் விழுந்தார். அவனோ அவரைப் பேரரசரே என்று வணங்கினான். பல்லக்கில் ஏற்றி முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீரர்களின் கணக்கு எளிது. குடியரசு வந்தால் பேரரசர் இருக்க மாட்டார், பேரரசர் இல்லையென்றால் மெய்க்காவல் படை எதற்கு? செனட் விவாதித்து முடிப்பதற்குள் கிளாடியஸ் ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரு மெய்க்காவலனின் ஐந்தாண்டுச் சம்பளம் அது. மறுநாள் செனட் பணிந்தது. பேரரசர்களில் படையின் விசுவாசத்தை முதன்முதலாக விலை கொடுத்து வாங்கியவர் இவர்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார்.

கிளாடியஸ் இதை மறைக்கவும் இல்லை. அவர் ஆட்சியின் தொடக்கத்தில் அச்சிட்ட காசுகளில் ஒரு வகையைப் பாருங்கள். முன்பக்கம் அவர் தலை. பின்பக்கம் அந்த முகாமின் மதில், வளைவு வாசல்கள், உள்ளே காவல் நிற்கும் ஒரு வீரன்; மேலே, பேரரசர் வரவேற்கப்பட்டார் என்ற பொருளில் சுருக்கெழுத்து. தன்னைப் பதவியில் உட்காரவைத்தது யார் என்று தங்கத்திலும் வெள்ளியிலும் எழுதிவைத்துவிட்டார். நேர்மை என்று எடுத்துக்கொள்வதா, நன்றிக்கடன் என்பதா, அவரவர் விருப்பம். சொல்லப்போனால் மோசமான ஆட்சியாளரும் அல்ல. பிரிட்டனை கி.பி. 43இல் பேரரசோடு சேர்த்ததும் ஓஸ்டியாவில் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் அவர்தான்.

அவருக்குப் பிறகு வளர்ப்பு மகன் நீரோ. கி.பி. 54 அக்டோபரில் நீரோ முதலில் போன இடம் செனட் அல்ல, முகாம். கிளாடியஸ் கொடுத்த அதே தொகையை வாக்களித்தார். அப்புறம்தான் செனட். இந்த வரிசை அதற்குப் பிறகு வழக்கமாகிவிட்டது.

காசில் கைவைக்கும் வேலையும் நீரோ காலத்தில்தான் பெரிதாகத் தொடங்கியது. அதுவரை ஒரு ராத்தல் வெள்ளியில் டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு 84 அடித்துக்கொண்டிருந்தார்கள், கி.பி. 64 வாக்கில் அது 96 ஆனது. கூடவே செம்பும் கலந்தார்கள், மாற்றுக் குறைந்தது. எரிந்த நகரத்தைக் கட்டவும், தங்க மாளிகை என்ற அந்தப் பிரமாண்டமான அரண்மனைக்கும் பணம் தேவைப்பட்டது.

இந்த இடத்தில் தமிழகத்துக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பல்களைச் சங்கப் பாடல் சொல்கிறது. இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸை உறிஞ்சிக்கொள்கிறது என்று நீரோ காலத்தில் வாழ்ந்த ரோம எழுத்தாளர் பிளினி அங்கே புலம்பியிருக்கிறார். கோவை வட்டாரத்திலும் சுற்றுப்புறத்திலும் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் பெயரில் உள்ளவை. நீரோ மாற்றுக் குறைத்த பிறகு வந்த வெள்ளிக்காசு சொற்பம். வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, உலோகத்தைப் பார்த்தார்கள் என்பது இதற்கு இயல்பான விளக்கம். 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேலேயே உளியால் ஒரு வெட்டு. தன் நாட்டில் கடவுளுக்குச் சமமாக இருந்தவருக்கு இங்கே கிடைத்த மரியாதை அது.

கி.பி. 68 ஜூன் 9 அன்று நீரோ தற்கொலை செய்துகொண்டதோடு அகஸ்டஸின் குடும்ப வரிசை முடிந்தது. அடுத்த ஒன்றரை ஆண்டில் நான்கு பேரரசர்கள். ஸ்பெயினில் ஆளுநராக இருந்த எழுபது வயது கால்பாவுக்காக, மெய்க்காவல் தலைவன் நிம்ஃபிடியஸ் ஆளுக்கு 30,000 செஸ்டர்ஸ் வாக்களித்திருந்தான். கால்பா ரோமுக்கு வந்ததும் கையை விரித்துவிட்டார். படைவீரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் என் வழக்கம், விலைக்கு வாங்குவதல்ல என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கஞ்சக் கிழவர் கொஞ்சம் கையை நீட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்கிறார் டாசிட்டஸ்.

கை நீட்ட வேறொருவர் இருந்தார். கால்பா தன் வீட்டுக்கு விருந்துக்கு வரும்போதெல்லாம், கூட வரும் காவலர்களுக்கு ஆளுக்கு ஒரு பொற்காசு கொடுத்துக்கொண்டிருந்தார் ஓத்தோ. தன்னை வாரிசாக்குவார் என்று நம்பியிருந்தவர். கால்பா வேறொருவரைத் தத்தெடுத்த ஐந்தாவது நாள், கி.பி. 69 ஜனவரி 15 அன்று, வெறும் 23 வீரர்கள் ஓத்தோவைப் பேரரசர் என்று வணங்கி முகாமுக்குத் தூக்கிப்போனார்கள். அன்று மாலைக்குள் கால்பாவின் தலை நகரின் மைய மைதானத்தில் துண்டிக்கப்பட்டுவிட்டது. ஓத்தோ மூன்று மாதம். ரைன் எல்லைப் படைகள் கிளப்பிவிட்ட விட்டெல்லியஸிடம் தோற்றுத் தற்கொலை. விட்டெல்லியஸ் டிசம்பர் வரை. அவரையும் தெருவில் இழுத்துக் கொன்றார்கள். மிஞ்சியவர் கிழக்குப் படைகளின் ஆதரவோடு வந்த வெஸ்பாசியன். ரோமுக்கு வெளியிலும் பேரரசரை உருவாக்கலாம் என்ற ரகசியம் வெளியே வந்துவிட்டது என்று டாசிட்டஸ் அந்தக் காலத்தைப் பற்றி எழுதினார். முகாம் மட்டுமல்ல, இனி ஒவ்வொரு எல்லைப் படையும் ஏலத்தில் நிற்கலாம்.

வெஸ்பாசியன் கணக்குப்பிள்ளை புத்தி உள்ளவர், படைக்கு அள்ளி வீசவில்லை. ஒன்று என் மகன்கள் என் பின்னால் வருவார்கள், இல்லையேல் யாரும் வர மாட்டார்கள் என்று செனட்டில் வெளிப்படையாகவே சொன்னார். அப்படியே இரண்டு மகன்களும் ஆண்டார்கள். இளையவன் டொமிஷியன் வீரர்களின் ஆண்டுச் சம்பளத்தை 900 செஸ்டர்ஸிலிருந்து 1,200 ஆக்கினார். கி.பி. 96இல் அவரை அரண்மனைக்குள்ளேயே கொன்றார்கள்.

அடுத்து வந்த நெர்வா, டிராஜன், ஹேட்ரியன், அன்டோனினஸ் பயஸ், மார்கஸ் அரேலியஸ் ஆகிய ஐவரையும் ஐந்து நல்ல பேரரசர்கள் என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடும். ரத்த உறவைப் பார்க்காமல் தகுதியுள்ளவரைத் தத்தெடுத்ததே அவர்கள் வெற்றிக்குக் காரணம் என்று ஒரு விளக்கமும் கூடவே வரும். எனக்கு இதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. முதல் நால்வருக்கும் உயிரோடு மகன் கிடையாது, அதனால் தத்தெடுத்தார்கள். ஐந்தாமவரான மார்கஸ் அரேலியஸ் தத்துவஞானி. மகன் ஒருவன் பிழைத்து வளர்ந்தான். அவனுக்கே, அந்தக் கொமோடஸுக்கே, பதவியைக் கொடுத்தார். தகுதி பார்க்கும் கொள்கை என்று ஒன்று இருந்திருந்தால் அது முதல் வாய்ப்பிலேயே காணாமல் போயிருக்காது.

நெர்வாவின் தத்தெடுப்பும் தானாக மனமுவந்து நடந்ததல்ல. டொமிஷியனைக் கொன்றவர்களை ஒப்படைக்கச் சொல்லி கி.பி. 97இல் மெய்க்காவலர்கள் அவரை அரண்மனையிலேயே வளைத்துக்கொண்டார்கள். வயதானவர் தன் கழுத்தைத் திறந்து காட்டியும் அசையவில்லை, தாங்கள் தேடி வந்த அந்த ஆட்களைக் கொன்றுவிட்டுத்தான் போனார்கள். அதன் பிறகே ஜெர்மானிய எல்லையில் பெரும்படையோடு இருந்த டிராஜனை நெர்வா தத்தெடுத்தார். மகனைத் தேடவில்லை, படையைத் தேடினார் என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்த நல்ல காலத்திலும் அன்பளிப்பு குறைந்தபாடில்லை. கி.பி. 161இல் மார்கஸ் அரேலியஸும் லூசியஸ் வெரஸும் சேர்ந்து பதவியேற்றபோது மெய்க்காவலனுக்கு ஆளுக்கு 20,000 செஸ்டர்ஸ். போட்டிக்கு ஆளில்லை, கலவரம் இல்லை, ஆனாலும் கொடுத்தாக வேண்டும். பின்னால் கொள்ளைநோயும் டான்யூப் போரும் சேர்ந்து கஜானாவைத் துடைத்தபோது, அவர் மக்கள் மேல் வரி போடாமல் அரண்மனைப் பாத்திரங்களையும் மனைவியின் பட்டாடைகளையும் பொது இடத்தில் ஏலம் விட்டார் என்கிறார்கள்.

சரி, இப்போது நிஜமான ஏலத்துக்கு வருவோம்.

கொமோடஸ் கி.பி. 192இன் கடைசி இரவில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். மறுநாள் பேரரசரானவர் பெர்டினாக்ஸ். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவரின் மகன், இளமையில் வாத்தியார் வேலை பார்த்தவர், படையில் படிப்படியாக மேலே வந்தவர். ஆளுக்கு 12,000 செஸ்டர்ஸ் வாக்களித்தார். கஜானாவில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. கொமோடஸின் ஆடம்பரப் பொருள்களை விற்றுப் பணம் திரட்டினார். காசில் வெள்ளியைக் கூடக் கொஞ்சம் உயர்த்தினார். மெய்க்காவலர்களின் அட்டூழியத்துக்கும் கடிவாளம் போட்டார். அதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

87ஆவது நாள், மார்ச் 28. சுமார் இருநூறு வீரர்கள் உருவிய வாளோடு அரண்மனைக்குள் நுழைந்தார்கள். ஓடி ஒளிய நேரம் இருந்தும் பெர்டினாக்ஸ் நேரே எதிரில் போய் நின்று பேசத் தொடங்கினார். கொஞ்ச நேரம் அது வேலையும் செய்தது. வெட்கப்பட்டுத் தலை குனிந்தார்கள், சிலர் வாளை உறையில் போட்டார்கள். அதற்குள் ஒருவன் முன்னே பாய்ந்து, இந்த வாளைப் படைவீரர்கள் உனக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிக் குத்தினான். தலையை ஈட்டியில் செருகிக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார்கள்.

முகாமில் பெர்டினாக்ஸின் மாமனார் சல்பிசியானஸ் இருந்தார். நகர நிர்வாகத் தலைவர். வீரர்களைச் சமாதானப்படுத்த மருமகனே அனுப்பிவைத்த ஆள். மருமகனின் தலை வந்து சேர்ந்ததும், அந்தப் பதவி எனக்கு என்று பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். இந்தச் செய்தி கேட்டு டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்காரச் செனட்டர் முகாம் வாசலுக்கு ஓடிவந்தார். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். நடுவில் வீரர்கள் தரகர்களாக ஓடினார்கள். சல்பிசியானஸ் இவ்வளவு தருகிறார், நீங்கள் எவ்வளவு ஏற்றுவீர்கள்? ஜூலியானஸ் இவ்வளவு சொல்கிறார், உங்கள் விலை என்ன? படிப்படியாக ஏறி சல்பிசியானஸ் ஆளுக்கு 20,000 செஸ்டர்ஸில் நின்றார். ஜூலியானஸ் ஒரே தாவாக 5,000 ஏற்றினார். 25,000 என்று கத்தியதோடு கை விரல்களாலும் காட்டினாராம். அதோடு, உள்ளே இருப்பவர் நாளைக்கு மருமகன் சாவுக்குப் பழிவாங்க மாட்டாரா என்றும் ஒரு வார்த்தை போட்டுவைத்தார். கதவு திறந்தது.

இதை எழுதியிருப்பவர் கேசியஸ் டியோ, அப்போது செனட்டில் இருந்தவர். நகரமும் அதன் பேரரசும் சந்தைச் சரக்குபோல ஏலம் போயின என்று நொந்துகொள்கிறார். அன்று மாலை தானும் சக உறுப்பினர்களும் என்ன செய்தோம் என்பதையும் மறைக்கவில்லை. வீட்டில் பதுங்கினால் சந்தேகம் வரும் என்று குளித்துச் சாப்பிட்டுவிட்டு, வீரர்களை விலக்கிக்கொண்டு செனட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். உங்களுக்கு ஒரு தலைவர் தேவைப்படுகிறது, என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று ஜூலியானஸ் பேசியதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். சாதாரண வீரன் ஒருவனின் இருபதாண்டுச் சம்பளத்துக்கும் மேலான தொகை, ஒவ்வொரு மெய்க்காவலனுக்கும். ஜூலியானஸ் அடித்த காசுகளில் இருக்கும் வாசகம், படைவீரர்களின் ஒற்றுமை!

மக்கள் மறுநாளே அவர்மேல் கல்லெறிந்தார்கள். எல்லைப் படைகளோ, தலைநகரில் சுகமாக இருப்பவர்கள் விற்ற பதவியை ஏற்கத் தயாராக இல்லை. சிரியா, பிரிட்டன், டான்யூப் கரை என்று மூன்று பக்கமும் மூன்று தளபதிகள் கிளம்பினார்கள். ரோமுக்கு அருகில் இருந்தவர் டான்யூப் கரையின் செப்டிமியஸ் செவெரஸ், வட ஆப்பிரிக்காவின் லெப்டிஸ் மாக்னாவில் பிறந்தவர். ஏப்ரல் 9 அன்று பேரரசராக அறிவிக்கப்பட்டு, ஜூன் தொடக்கத்தில் ரோமின் வாசலுக்கே வந்துவிட்டார். செனட் கட்சி மாறியது. ஜூலியானஸ் 66 நாள் ஆண்டிருந்தார். நான் என்ன தப்புச் செய்தேன், யாரைக் கொன்றேன் என்று கேட்டுக்கொண்டே வெட்டுப்பட்டார்.

செவெரஸ் மெய்க்காவலர்கள் எல்லோரையும் ஆயுதமில்லாமல் வரச்சொல்லி, தன் படையால் சுற்றிவளைத்து, ரோமுக்கு நூறு மைல் சுற்றளவில் தலை காட்டக்கூடாது என்று விரட்டினார். ஏலம் போட்டவர்களுக்குச் சரியான தண்டனை என்று தோன்றும். ஆனால் அவர் அந்தப் படையைக் கலைக்கவில்லை, தன் டான்யூப் வீரர்களை வைத்து நிரப்பினார். சம்பளத்தையும் நன்றாக ஏற்றினார். விளைவு உடனே காசில் தெரிந்தது. அவர் ஆட்சியின் முதல் சில ஆண்டுகளிலேயே டெனாரியஸில் வெள்ளி ஏறக்குறையப் பாதிக்கு வந்துவிட்டது. கி.பி. 211இல் பிரிட்டனின் யார்க் நகரில் சாகும்போது மகன்களுக்கு அவர் சொன்னதாக டியோ எழுதுவது இதுதான்: ஒற்றுமையாக இருங்கள், வீரர்களைப் பணக்காரர்களாக்குங்கள், மற்ற யாரையும் பொருட்படுத்தாதீர்கள்.

முதல் அறிவுரை ஓராண்டுகூட நிற்கவில்லை. மூத்தவன் கராகலா, தாயின் மடியிலேயே தம்பி கீட்டாவைக் கொல்லவைத்தார். கொன்ற கையோடு ஓடியது, வேறெங்கே, முகாமுக்கு. நானும் உங்களில் ஒருவன், கஜானா எல்லாம் உங்களுடையதே என்றார். இரண்டாவது அறிவுரையை மட்டும் சிரமேற்கொண்டார். சம்பளம் மீண்டும் ஏறியது. கி.பி. 212இல் பேரரசின் சுதந்திர மக்கள் அனைவருக்கும் குடியுரிமை கொடுத்த அந்தப் புகழ்பெற்ற ஆணையும், வாரிசு வரியை 10 சதவீதமாக்கி அதைக் கட்டும் தலைகளைக் கூட்டத்தான் என்பது டியோவின் குற்றச்சாட்டு. 215இல் ஒரு புதுக்காசு வந்தது. மதிப்பு இரண்டு டெனாரியஸ், உள்ளே இருந்த வெள்ளி ஒன்றரைக்கு மட்டும்.

கராகலாவுக்குப் பின் வந்த மாக்ரினஸ், புதிதாகச் சேரும் வீரர்களுக்காவது பழைய சம்பளம் போதும் என்று பார்த்தார். ஓராண்டில் முடிந்தது கதை. கி.பி. 235இல் தொடங்கிய ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள் வந்து போனார்கள். 238இல் மட்டும் ஆறு பேர். டீசியஸ் கோத் என்ற ஜெர்மானிய இனத்தாரோடு போரிட்டு மாண்டார். வலேரியனைப் பாரசீக மன்னன் ஷாபூர் 260இல் உயிரோடு பிடித்துக்கொண்டுபோனான். அந்த வெற்றியை நக்ஷ்-இ-ருஸ்தம் பாறையில் இன்றும் பார்க்கலாம். மற்றவர்களில் பெரும்பாலோரைச் சொந்த வீரர்களே கொன்றார்கள். பேரரசர் மாறினால் அன்பளிப்பு கிடைக்கும் என்றால் மாற்றத்தானே செய்வார்கள்! 270ஐ நெருங்கும்போது வெள்ளிக்காசு என்ற பெயரில் புழங்கியதில் வெள்ளி ஐந்து சதவீதம்கூட இல்லை. செம்புக்கு மேலே வெள்ளிப் பூச்சு, நாலு கை மாறினால் பல் இளித்துவிடும்.

வாரிசு விஷயத்துக்கு ஒரு சட்டம் போட உண்மையிலேயே முயன்ற ஒரே ஆள் டயோக்ளீஷியன். கி.பி. 293இல் மூத்தவர் இருவர், இளையவர் இருவர் என்று நால்வர் ஆட்சியை அமைத்தார். மூத்தவர்கள் ஒருநாள் விலகுவார்கள், இளையவர்கள் மேலே வருவார்கள், அவர்கள் புதிய இளையவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். 301இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்சவரம்பு விலை நிர்ணயித்து ஆணை வெளியிட்டார். அதன் முன்னுரையைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை: கடையில் ஒரே ஒரு பொருள் வாங்குவதற்குள் வீரனின் அன்பளிப்பும் சம்பளமும் கரைந்துபோகின்றன என்று வியாபாரிகளின் பேராசையைத் திட்டுகிறது. காசைக் கெடுத்தது யார் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சொன்னபடி 305இல் அவர் பதவி விலகி, கடலோர மாளிகையில் காய்கறித் தோட்டம் போடப் போய்விட்டார். திட்டம் ஓராண்டு தாங்கியது. 306இல் யார்க் நகரில் இறந்த பேரரசரின் மகன் கான்ஸ்டன்டைனை அங்கிருந்த படையே உயர்த்தியது. அதே ஆண்டு ரோமில் இன்னொரு முன்னாள் பேரரசரின் மகன் மாக்சென்டியஸை மெய்க்காவலர்கள் உயர்த்தினார்கள். திட்டத்தில் மகன்களுக்கு இடமில்லை. வீரர்களுக்கோ மகன்களைத்தான் தெரியும். 312 அக்டோபர் 28 அன்று மில்வியன் பாலத்தருகே மாக்சென்டியஸ் தோற்று டைபர் ஆற்றில் மூழ்கினார். கான்ஸ்டன்டைன் மெய்க்காவல் படையை ஒரேயடியாகக் கலைத்து, நகரத்தைப் பார்த்திருந்த முகாம் மதிலை இடித்தார். ஒரு ராத்தலுக்கு 72 என்ற கணக்கில் அவர் அடித்த சாலிடஸ் பொற்காசு பல நூற்றாண்டுகள் மாற்றுக் குறையாமல் நின்றது. ஆக, முகாமும் போனது, காசும் சரியானது.

வாரிசுச் சட்டம் மட்டும் அப்போதும் வரவில்லை. அவர் 337இல் இறந்ததும், மகன்களைத் தவிர வேறு யாரும் ஆளக்கூடாது என்று கான்ஸ்டன்டினோப்பிளில் இருந்த வீரர்கள் குடும்பத்தின் ஆண்களை வெட்டித் தீர்த்தார்கள். சிறுவன் என்பதால் தப்பிய ஒருவர் ஜூலியன். அவரைத்தான் 360இல் பாரிஸில், கிழக்கு எல்லைக்கு மாற்றச் சொன்ன ஆணையால் கொதித்துப்போயிருந்த வீரர்கள், ஒரு காலாட்படைக் கேடயத்தின் மேல் நிற்கவைத்துத் தூக்கிப் பேரரசர் என்று அறிவித்தார்கள். தலையில் வைக்க மகுடம் இல்லை. மனைவியின் நகையைக் கொண்டுவரச் சொன்னார்கள், அபசகுனம் என்று மறுத்தார். குதிரையின் அணிகலனும் வேண்டாம் என்றார். கடைசியில் ஒரு கொடிபிடிப்பவன் தன் கழுத்து வளையத்தைக் கழற்றி அவர் தலையில் வைத்தான். ஜூலியன் உடனே ஆளுக்கு ஐந்து பொற்காசும் ஒரு ராத்தல் வெள்ளியும் தருவதாக அறிவித்தார்.